வியர்வை வழிகிறது, உடல் ஏன் குளிரவில்லை?
பல நாள் மிதிவண்டிப் பந்தயமும் நம் ஊர் வெப்பமும்

மலேசியாவின் மிகப் பெரிய மிதிவண்டிப் பந்தயமான 'லெ டூர் டி லங்காவி' 1996-ஆம் ஆண்டு தொடங்கியது. இது ஒரு நாளில் முடிந்துவிடும் போட்டியன்று. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டமும் பெரும்பாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர். இன்று களைத்துப் போனாலும் நாளை காலை மீண்டும் மிதிக்க வேண்டும்.

இதே முறையில் கரடுமுரடான பாதைகளில் நடக்கும் மலை மிதிவண்டிப் பந்தயங்களும் உலகில் பல உண்டு. ஆஸ்திரேலியக் குயின்ஸ்லாந்தின் 'குரோக்கடைல் டிராஃபி', தென்னாப்பிரிக்காவின் 'கேப் எபிக்', மொரோக்கோவின் 'டைட்டன் டெசர்ட்' ஆகியவை புகழ் பெற்றவை. நம் கோலாலம்பூரிலும் புக்கிட் கியாராவின் காட்டுப் பாதைகளில் வார இறுதிகளில் மலை மிதிவண்டி ஓட்டுபவர்களைப் பார்க்கலாம்.

இப்போது ஒரு கேள்வி. பாலைவனத்தில் 40 டிகிரி செல்சியஸ். கிள்ளான் பள்ளத்தாக்கில் 33 டிகிரி. எந்த இடத்தில் மிதிவண்டி ஓட்டுவது உடலுக்குக் கடினம்?

பாலைவனம்தான் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் வியர்வை உலரும் விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், நம் ஊரின் 33 டிகிரிதான் உடலை அதிகமாகச் சோதிக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

உடல் ஒரு சூடான இயந்திரம்

மோட்டார் சைக்கிளை நிறுத்திய பிறகு அதன் இயந்திரத்தைத் தொட முடியாது. எரிபொருளின் ஆற்றலில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது, மீதி வெப்பமாகிறது. நம் தசைகளும் அப்படித்தான். உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மிதிகட்டையைச் சென்றடைகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பம்.

ஒரு வீரர் மேட்டில் ஏறும்போது 200 வாட் அளவுக்கு மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அவர் உடல் ஏறத்தாழ 800 வாட் ஆற்றலைச் செலவிடுகிறது. அதில் 600 வாட் உடலுக்குள்ளேயே வெப்பமாக மாறுகிறது. உங்கள் வீட்டு ரைஸ் குக்கர் சோறு வேகவைக்க எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் ஏறக்குறைய இவ்வளவுதான். அதாவது, அந்த வீரர் ஒரு ரைஸ் குக்கரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறார்!

இந்த வெப்பம் வெளியேறாவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் போடலாம். ஒரு கிலோ உடல் எடையை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 3.5 கிலோஜூல் தேவை. 65 கிலோ எடையுள்ளவருக்கு 65 x 3.5 = ஏறத்தாழ 228 கிலோஜூல். வினாடிக்கு 600 ஜூல் வீதம் வெப்பம் சேர்ந்தால், 380 வினாடிகளில், அதாவது ஆறு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், உடல் 1 டிகிரி சூடாகிவிடும். 37 டிகிரியிலிருந்து ஆபத்தான 40 டிகிரியைத் தொட இருபது நிமிடம்கூடத் தேவையில்லை.

உண்மையில் அப்படி நடப்பதில்லை. வீரர்கள் நான்கைந்து மணி நேரம் மிதிக்கிறார்கள். அப்படியென்றால் அந்த வெப்பம் எங்கே போகிறது?

வெளியேற நான்கு வழிகள்

வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு ஆகிய மூன்றையும் நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்த மூன்றும் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உழைக்கும்போது தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. காற்றோ 33 டிகிரி. இரண்டுக்கும் வேறுபாடு வெறும் 2 டிகிரி என்பதால் இந்த வழிகளில் வெளியேறும் வெப்பம் மிகக் குறைவு. போதாக்குறைக்கு, மேலே சுடும் வெயிலும் கீழே கொதிக்கும் தார்ச்சாலையும் கதிர்வீச்சு மூலம் உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கின்றன.

மிஞ்சியிருப்பது நான்காவது வழி: ஆவியாதல். தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். தோலின் மேல் இருக்கும் ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஒரு மணி நேரத்தில் அது நடந்தால் 670 வாட் குளிர்ச்சி. நம் வீரரின் 600 வாட்டைச் சமாளிக்க இது போதும்.

ஆனால் 'ஆவியானால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வியர்வையும் சட்டையிலிருந்து வழிந்து தரையில் விழும் வியர்வையும் உடலைக் குளிர்விப்பதில்லை. அவை உடலின் தண்ணீரையும் உப்பையும் எடுத்துச் செல்கின்றன. வெப்பத்தை அப்படியே விட்டுச் செல்கின்றன.

பாலைவனமா, கிள்ளான் பள்ளத்தாக்கா?

தோலின் மேல் உள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் காற்றில் ஏற்கெனவே உள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் வியர்வை எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. 35 டிகிரியில் நனைந்திருக்கும் தோலின் மேல் இந்த அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல்.

பாலைவனம்: 40 டிகிரி, ஈரப்பதம் 15 விழுக்காடு. காற்றின் நீராவி அழுத்தம் 1.1 கிலோபாஸ்கல். வேறுபாடு 4.5.

கோலாலம்பூரின் பிற்பகல்: 33 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. காற்றின் நீராவி அழுத்தம் 3.0 கிலோபாஸ்கல். வேறுபாடு 2.6.

மழை பெய்து ஓய்ந்த காட்டுப் பாதை: 30 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு. காற்றின் நீராவி அழுத்தம் 3.8 கிலோபாஸ்கல். வேறுபாடு 1.8.

பாலைவனத்தில் வியர்வையை இழுக்கும் விசையை 100 என்று கொண்டால், கோலாலம்பூரில் அது 58. மழைக்குப் பிந்தைய காட்டில் வெறும் 40. பாலைவனத்தில் வியர்ப்பதே தெரியாமல் தோல் உலர்ந்திருக்கும். நம் ஊரிலோ குளித்து எழுந்தவர்போல் உடல் நனைந்திருக்கும். 'நன்றாக வியர்க்கிறது, அதனால் உடல் நன்றாகக் குளிர்கிறது' என்று நினைப்பது தவறு. நனைந்த சட்டை, குளிர்விக்கும் வேலை நடக்காமல் தேங்கி நிற்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதில் இன்னொரு புதிரும் உண்டு. நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 95 விழுக்காடு வரை இருக்கும். அப்படியானால் காலையில் மிதிவண்டி ஓட்டுவது பிற்பகலைவிட மோசமா? இல்லை. 24 டிகிரியில் 95 விழுக்காடு என்றால் நீராவி அழுத்தம் 2.8 கிலோபாஸ்கல்தான். பிற்பகலின் 3.0-ஐவிட அது சற்றுக் குறைவே. 'ஈரப்பத விழுக்காடு' என்பது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. குளிர்ந்த காற்றின் பாத்திரம் சிறியது, சீக்கிரம் நிறைந்துவிடும். காலையில் காற்று தோலைவிடப் 11 டிகிரி குளிர்ச்சியாகவும் இருப்பதால் மற்ற மூன்று வழிகளும் திறந்துகொள்கின்றன. வெயிலும் இல்லை. பயிற்சியாளர்கள் விடியற்காலையைத் தேர்ந்தெடுப்பதன் அறிவியல் இதுதான்.

காற்று வீசாத காட்டுப் பாதை

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் நோக்கிச் சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வீரரை நினைத்துப் பாருங்கள். அசையாத காற்றுகூட அவர் மேல் வினாடிக்கு 11 மீட்டர் வேகத்தில் மோதும். தோலை ஒட்டியிருக்கும் ஈரக் காற்றுப் படலத்தை அது துடைத்துக்கொண்டே இருக்கும்.

மலை மிதிவண்டி வீரருக்கு அந்த வசதி இல்லை. வேர்களும் கற்களும் நிறைந்த மேட்டில் அவர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறுவார். மோதும் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மரங்கள் வெயிலைத் தடுப்பது நன்மை. ஆனால் அதே மரங்கள் காற்றையும் தடுத்து, ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மேட்டில்தான் வேகம் மிகக் குறைவு. அங்கேதான் உழைப்பு மிக அதிகம். வெப்பத்தால் வீரர்கள் நிலைகுலையும் இடமும் பெரும்பாலும் அதுதான்.

லங்காவிப் பந்தயத்தின் புகழ் பெற்ற கெந்திங் மலை ஏற்றத்திலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே இயற்கை ஒரு சலுகை தருகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். கெந்திங்கின் உச்சிப் பகுதி 1,700 மீட்டருக்கு மேல் இருப்பதால், அடிவாரத்தைவிட 10 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஏற்றத்தின் முதல் பகுதியில் உடலைச் சூடேற்றிக்கொள்ளாமல் சிக்கனமாக மிதிப்பவருக்கு மேல்பகுதியில் பலன் கிடைக்கும்.

வெப்பம் வண்டியையும் விடுவதில்லை. 2015-ஆம் ஆண்டு ஓமான் மிதிவண்டிப் பந்தயத்தின் ஐந்தாம் கட்டத்தில் கடும் வெப்பத்தால் டயர்கள் வெடிக்கத் தொடங்கின. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் மேலும் சூடாகும் என்பதால் வீரர்கள் ஓட்ட மறுத்தனர். அந்தக் கட்டமே கைவிடப்பட்டது.

இரத்தத்துக்கு இரண்டு எஜமானர்கள்

உடலுக்குள் பிறக்கும் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவது இரத்தம். தசைகளுக்கு ஆக்சிஜனைக் கொண்டுசெல்வதும் அதே இரத்தம்தான். பயிற்சி பெற்ற ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர் அளவுக்கு இரத்தத்தை இறைக்க முடியும். கடும் வெப்பத்தில் அதில் பல லிட்டர் தோலுக்கே போய்விடும். தசைக்குப் பங்கு குறையும்.

வியர்வை வெளியேற வெளியேற இரத்தத்தில் உள்ள நீரும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் அளவு சுருங்குகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதனால்தான் ஒரே வேகத்தில் மிதித்தாலும், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நாடித் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. வெப்பத்தில் தசைகள் தங்கள் சேமிப்புச் சர்க்கரையான கிளைகோஜனையும் வேகமாகச் செலவழிக்கின்றன.

இந்த நேரத்தில் மூளை தலையிடுகிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி உடல் வெப்பநிலையைக் கண்காணிக்கிறது. உடல் சூடாக ஆக, 'முடியவில்லை' என்ற உணர்வு வலுக்கிறது. கால்கள் தாமாகவே மெதுவாகின்றன. இது சோம்பல் அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. 'மன உறுதி' என்ற பெயரில் அதைத் தொடர்ந்து புறக்கணிப்பதுதான் ஆபத்து.

முதல் நாளின் கடன், இரண்டாம் நாளின் வட்டி

பல நாள் பந்தயத்தின் தனிச் சிக்கலுக்கு இப்போது வருவோம். ஒரு வீரர் மணிக்கு 1.5 லிட்டர் வியர்க்கிறார். கட்டம் நான்கு மணி நேரம். மொத்தம் 6 லிட்டர் போகிறது. குலுங்கும் காட்டுப் பாதையில் மணிக்கு 0.8 லிட்டர் குடித்தால் 3.2 லிட்டர்தான் உள்ளே போகும். பற்றாக்குறை 2.8 லிட்டர். 65 கிலோ எடையுள்ளவருக்கு இது உடல் எடையில் 4 விழுக்காட்டுக்கு மேல். வெப்பத்தில் 2 விழுக்காடு குறைந்தாலே உடலின் செயல்திறன் சரியத் தொடங்கும்.

இந்தக் கடனை அன்றிரவே அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் குறைந்த இரத்த நீருடன், குறைந்த கிளைகோஜனுடன் தொடங்க வேண்டியிருக்கும். உடல் முன்னதாகவே சூடேறும்; இன்னும் அதிகமாகத் தளரும். இழந்த ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் தேவை. குடிப்பதில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும் என்பதே காரணம். ஆகவே அந்த வீரர் மாலைக்குள் சிறிது சிறிதாக 4 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். குழுக்களின் மருத்துவர்கள் வீரர்களைக் காலையும் மாலையும் எடைபோடுவது இதற்காகத்தான்.

தண்ணீர் மட்டும் போதுமா? போதாது. ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்கு ஆள் வேறுபடும் அளவில், பொதுவாக 2 முதல் 3 கிராம் வரை உப்பு வெளியேறுகிறது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களைச் சோதித்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம் இது அதிகமாகக் காணப்பட்டது. தலைவலி, வாந்தி, குழப்பம் என்று தொடங்கும் இந்தக் கோளாறு முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

உப்புடன் சிறிது சர்க்கரையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே நுழையும் வாசல் ஒன்று இருக்கிறது. அவை நுழையும்போது தண்ணீரும் பின்தொடர்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் விளையாட்டு வீரர்களின் பானமும் இந்த ஒரே அடிப்படையில் செயல்படுகின்றன. தைப்பூசத்தன்று பத்துமலைக்கு நடந்து செல்லும் பக்தர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல்களில் உப்புப் போட்ட மோர் கொடுப்பதும் வெறும் பழக்கத்துக்காக அல்ல. நீர், உப்பு இரண்டும் அதில் உண்டு.

ஐஸ் கச்சாங் இயற்பியல்

வீரர்கள் பந்தயத்துக்கு முன்னால் நொறுக்கிய பனிக்கட்டிக் கூழைக் குடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அரை கிலோ பனிக்கட்டி உருக 167 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகிய நீர் 37 டிகிரிக்குச் சூடேற இன்னும் 77 கிலோஜூல். மொத்தம் 244 கிலோஜூல். முன்பு நாம் போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: 65 கிலோ உடலை 1 டிகிரி சூடாக்க 228 கிலோஜூல். ஒரு பெரிய கிண்ணம் ஐஸ் கச்சாங் அளவுப் பனிக்கட்டி, ஆறு நிமிட மலையேற்றத்தின் வெப்பத்தை விழுங்கிவிடுகிறது! தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் பயன் தரும். உடலின் நீரைச் செலவழிக்காமல் கிடைக்கும் 'இரவல் வியர்வை' அது.

உடல் பழகிக்கொள்ளும்

குளிர் நாட்டு வீரர்கள் வெப்பமான இடத்துக்கு முன்கூட்டியே வந்து பயிற்சி செய்வதுண்டு. நாள்தோறும் வெப்பத்தில் உழைத்தால், முதல் சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கிறது. அதில் உப்பு குறைகிறது. ஒரே வேலைக்கு நாடித் துடிப்பு தணிகிறது.

'நாம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், நமக்கு வெயில் பழகியதுதானே' என்று நினைக்க வேண்டாம். குளிரூட்டப்பட்ட அறையில் பகலைக் கழிப்பவரின் உடல் முழுமையாகப் பழகுவதில்லை. வெப்பத்தில் உடலை உழைக்க வைத்தால்தான் இந்த மாற்றங்கள் வரும். பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களில் மறைந்துவிடும். நீண்ட பள்ளி விடுமுறைக்குப் பிறகு திடீரென்று குறுக்கோட்டப் பந்தயத்தில் இறங்குவது ஆபத்தாக முடியலாம். முதல் வாரம் பாதித் தூரம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுவதே சரி.

எப்போது நிறுத்த வேண்டும்?

மலேசிய வானிலை ஆய்வுத் துறை, தொடர்ந்து மூன்று நாள்களுக்கு அதிகபட்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கையையும், 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலையான வெப்ப அலை எச்சரிக்கையையும், 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை எச்சரிக்கையையும் விடுக்கிறது. நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 டிகிரி. 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது.

ஆனால் வெப்பநிலை மட்டும் முழுக் கதையைச் சொல்லாது என்பதை இப்போது அறிவீர்கள். எனவே விளையாட்டிலும் இராணுவத்திலும் வேறோர் அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கருங்கோளத்தின் வெப்பநிலையில் 20 விழுக்காடு, சாதாரண வெப்பமானியின் அளவில் 10 விழுக்காடு ஆகிய மூன்றையும் கூட்டினால் அது கிடைக்கும். ஈரத்துக்கு எவ்வளவு பெரிய பங்கு கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்!

அனைத்துலக மிதிவண்டி ஓட்டச் சங்கம் 2024 முதல் இந்த அளவைக் கொண்டு ஆபத்தை வகைப்படுத்துகிறது. 28-ஐத் தாண்டினால் மிக உயர்ந்த ஆபத்துப் பிரிவு. அப்போது தொடங்கும் நேரத்தை மாற்றுவது, கூடுதல் நீரும் பனிக்கட்டியும் கொடுப்பது, கட்டத்தைச் சுருக்குவது அல்லது கைவிடுவது பற்றி ஆலோசிப்பார்கள். கோலாலம்பூரின் சாதாரணப் பிற்பகலில், நிழலிலேயே ஈரத்துணி வெப்பமானி 26.5 காட்டும். கணக்கிட்டால் விடை 28.4. நமக்குச் சாதாரணமான நாள், அந்த அட்டவணையில் சிவப்பு நாள்!

உயிர் காக்கும் சில நிமிடங்கள்

பந்தயத்திலோ பள்ளித் திடலிலோ ஒருவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், எரிச்சலுடன் நடந்துகொண்டால் அல்லது மயங்கி விழுந்தால், அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, மூளை பாதிக்கப்படும் நிலை அது. 'வியர்வை நின்றுவிட்டதா' என்று பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உழைப்பின்போது வரும் வெப்பத்தாக்கத்தில் உடல் வியர்வையில் நனைந்தும் இருக்கலாம்.

உடனே 999-ஐ அழையுங்கள். அவசர ஊர்தி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுசென்று, தலை நீருக்கு மேல் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கழுத்துவரை குளிர்ந்த நீர்த் தொட்டியில் அமர்த்துவதே சிறந்த முறை. தொட்டி இல்லாவிட்டால் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஈரத் துண்டுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. விளையாட்டு மருத்துவத்தின் விதி இது: முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது. முதல் அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்வித்துவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் ஈரமான பருத்தித் துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் நிழலில் மாட்டி விசிறியால் காற்று வீசச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இரு அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். காலை 7 மணி, பிற்பகல் 2 மணி, மழை ஓய்ந்த பிறகு என மூன்று முறை செய்து ஒப்பிடுங்கள். ஈரத் துணி எந்த அளவுக்குக் கீழே போகிறதோ, அதுவே அந்த நேரத்தில் ஆவியாதலால் எட்டக்கூடிய குளிர்ச்சியின் எல்லை. அந்த எண் உயர்ந்திருக்கும் நாளில், திடலில் ஓடும் உங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.